ரிப்பன் கட்டிய வாஷிங் மிஷின்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தேவிகுளம் பக்கம் ஓர் அரசுப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். பதினெட்டு வருடம் மலையேறிக் கொழுந்து கிள்ளியதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. ரிசார்ட்டில் துணி துவைக்கும் வேலைக்கு மூன்று மாதம் இலவசப் பயிற்சி என்றதும் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டேன். இதுவும் கைகூடாவிட்டால் எனக்கு வேறு வழியில்லை.

மையத்தில் ஆள் உயரத்துக்குப் புத்தம்புது வாஷிங் மிஷின். சிவப்பு ரிப்பன் கட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். கிட்டே போனாலே வாத்தியார் பதறுவார்.

"தொடாதீங்கக்கா. மந்திரி வந்து ரிப்பன் வெட்டி உத்காடனம் பண்ணுன பெறகுதான் ஓட்டணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். மந்திரியின் தேதி கிடைக்கவே இல்லை. மூன்று மாதமும் கரும்பலகையில் வரைந்த பட்டன்களைத்தான் மனப்பாடம் செய்தோம். சர்டிபிகேட் மட்டும் நாள் தவறாமல் வந்தது.

சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில், ஒரு வாரம் வேலையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முதல் நாளே சோப்புத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டேன். நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடியது.

"மூணு மாசமா என்னத்தம்மா படிச்ச?" என்றார் சூப்பர்வைசர். கரும்பலகையில் நுரை வராது என்று அவரிடம் சொல்லவா முடியும்?

அங்கே வேலை செய்த அசாம் பெண்தான் காப்பாற்றினாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, சர்டிபிகேட்டும் கிடையாது. என் விரலைப் பிடித்து ஒவ்வொரு பட்டனாக வைத்துக் காட்டினாள். நாலே நாளில் வேலை பிடிபட்டுவிட்டது, என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

எட்டு மாதம் கழித்து மையத்திலிருந்து அழைப்பு. மந்திரி வருகிறாராம், இங்கே படித்து வேலைக்குப் போனவள் என்று நான் மேடையேறிப் பேச வேண்டுமாம். போனேன். ரிப்பனை வெட்டினார்கள், மைக்கை என் கையில் கொடுத்தார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"இந்த மிஷின ஒறையத் தெறந்து நான் இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றேன்.

வாத்தியார் முகம் வெளுத்தது. மேடையில் இருந்தவர்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் புதிதாகச் சேர்ந்த பெண்கள் மிஷினைச் சுற்றி நின்றார்கள். வாத்தியார் வந்து உறையை இழுத்து மூடினார். அதற்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷனே கொடுக்கவில்லையாம்.

எங்கள் பேரைச் சொல்லி வாங்கிய மிஷின், எங்கள் கை படாமலே பழசாகிறது. அந்தச் சர்டிபிகேட்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவள் அந்த அசாம் பெண்.