சாம்பிள் பார்த்துச் செய்த ஸ்பிரிங்

அந்த வண்டியை வாங்கும்போதே என் புத்தி புல் மேயப் போயிருந்தது. யார் சொன்னாலும் இப்போது ஒப்புக்கொள்வேன். இரண்டே சீட்டு, இரண்டே கதவு, மடக்கினால் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிற துணிக்கூரை. ஜப்பானிலிருந்து இறக்கிய ஒரு ஏற்றுமதிக்காரர் அலுத்துப்போய் விற்றார். மற்றவர்கள் இன்ஜினைப் பார்ப்பார்கள். நான் கூரைத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்கினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் திருப்பூரில் பனியன் ஆர்டர் கொட்டியது. ஆளாளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது, எனக்கு இது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து போதும் என்று நிறுத்திய வருடம்தான் வண்டி வந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? "ரெண்டு சீட்டு வண்டி வாங்கீட்டாங்கன்னா முடிவே பண்ணீட்டாங்கன்னு அர்த்தமுங்க" என்று ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். என் மனைவிக்கும் கேட்டது. பாயசம் வருவதற்குள் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டாள்.

ஆனாலும் வண்டி அவளுக்குப் பிடித்தது. வீட்டில் நாங்கள் பேசுவதெல்லாம் எங்கள் பனியன் கம்பெனிப் பேச்சு. எந்த லைனில் ஆள் வரவில்லை, எத்தனை பீஸ் ரிஜெக்ட், இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் கூரையை மடக்கிவிட்டுப் போனால், காற்றாலைக் காற்றாடிகள் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் அவளுக்கு வேறு பேச்சு வரும். அந்த ரோட்டில்தான் ஒரு குழந்தையைத் தத்து எடுக்கலாமா என்று முதல் முறை கேட்டாள். நான் கியரை மாற்றினேன். நாலு ஞாயிறு கேட்டாள், ஐந்தாவது ஞாயிறு சரி என்றேன். உடுமலைப்பேட்டையில் ஒரு காப்பகத்தில் மனு கொடுத்தோம். ஃபாரத்தை நிரப்பியது அவள். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

ஒன்றரை வருடம் கழித்துக் கடிதம் வந்தது. ஏழு மாதப் பெண் குழந்தை. ஆறு வாரத்துக்குள் இருவரும் நேரில் வந்து பார்த்துச் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவர்களுக்குப் போய்விடும். அவள் கடிதத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, "ஏனுங்க, நாளைக்கே பஸ் ஏறிரலாமுங்களா?" என்றாள்.

வண்டி அப்போது ஓடுகிற நிலையில் இல்லை. நான்கு ஷாக் அப்சார்பரும் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தன. ஸ்பிரிங்குகள் தளர்ந்து, சின்னப் பள்ளத்துக்கே வண்டி அடியில் தட்டியது. அவளுக்கோ இடுப்பில் தட்டு விலகியிருந்தது. கம்பெனி நாலு மெஷினோடு எங்கள் வீட்டிலேயே நடந்த காலத்தில் ஓவர்லாக் தையல் மெஷினில் குனிந்து குனிந்து வந்த வினை அது. குலுங்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

"பஸ்ஸுல குலுங்கும் அம்மணி. நம்ம வண்டிலயே போலாம். கொழந்தயப் பாக்கப் போறோம், கௌரவமாப் போவோணுமில்ல? ரெண்டு வாரத்துல சரி பண்ணிர்றேன்" என்றேன். வாடகைக் கார் பிடிக்கலாமே என்று அவள் கேட்டாள். கேட்டதில் என்ன தப்பு? நான்தான் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொல்வதானால் எனக்குப் பயமாக இருந்தது. யாரோ பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து அழுதால் என்ன செய்வது, எனக்கு அதன் மேல் பாசமே வராமல் போனால் என்ன செய்வது என்று பயம். ஸ்பிரிங்கைப் பற்றி யோசிப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

என் மெக்கானிக் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவிநாசி ரோட்டில் ஷெட் வைத்திருந்தார். ரேஸ் கார் ஷாக் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, பேசாம மெட்ராஸ் ஏஜென்ட்டுகிட்டச் சொல்லி ஒரிஜினல் செட்டு வாங்கிப் போட்டுருவோம். மூணு வாரம் ஆவும், ஆனா மெத்தை மாதிரி போவும். ரேஸ்காரனுவ போடுத ஷாக்கு நம்ம ரோட்டுக்கு ஆவாது, பாத்துக்கிடுங்க" என்றார். எனக்கு மூன்று வாரம் பொறுக்கவில்லை, ஒரிஜினலைப் போடுவதில் என்ன பெருமை என்கிற மண்டைக்கனம் வேறு. கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டுகிற ஒருவரிடம் புது ஸ்போர்ட்ஸ் ஷாக் நாலு இருந்தது. கையால் அமுக்கினால் அசைய மாட்டேன் என்றது. அதுதான் தரம் என்று வாங்கினேன். "மெத்துன்னு இருக்கறதாப் பாருங்க" என்று அவள் சொல்லித்தான் அனுப்பினாள். "மெத்துன்னு இருந்தா அது ஸ்போர்ட்ஸ் காரே இல்ல" என்று அவள் வாயை அடைத்திருந்தேன்.

ஸ்பிரிங்கை அங்கேயே ஒரு பட்டறையில் புதிதாக அடிக்கக் கொடுத்தேன். பட்டறைக்காரர் பழைய ஸ்பிரிங்கை நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது புதுசுல எத்தன ஒசரம் இருந்துச்சுங்க? ஓடுனது கொஞ்சம் உக்காந்துருக்குமுங்க" என்றார்.

"சாம்பிளக் கையில குடுத்துட்டனில்லீங்க? சாம்பிள் மாதிரியே போட்டுக் குடுங்க. ஒரு மில்லி மாறக்கூடாது."

திருப்பூர்க்காரன் வாய் அது. எந்த நாட்டு பனியனைக் கொடுத்தாலும் தையலை எண்ணி அப்படியே தைத்துக் கொடுக்கிற ஊர். எங்களுக்குச் சாம்பிள் என்றால் சாமி மாதிரி, எதிர்க்கேள்வி கிடையாது. அவர் பழைய ஸ்பிரிங்கையே அளவெடுத்துக்கொண்டார்.

அதே வாரம்தான் என் கட்டிங் மாஸ்டரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன். துவைத்த பீஸை அளந்து அந்த அளவுக்கே பேட்டர்ன் போட்டுவிட்டார் மனுஷன். "தொவச்ச துணி சுருங்கியிருக்கும்னு சின்னப் புள்ளைக்கே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். எட்டு வருடம் ஓடி உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கும் சுருங்கிப்போன பீஸ்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. சுருங்கியதை அளந்து, சுருங்கிய அளவுக்கே நாலு புது ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாட்டி இறக்கியபோது வண்டி பழையபடி தாழ்ந்தே நின்றது. "அண்ணாச்சி, ஏறவே இல்லையே" என்றார் மெக்கானிக். ஓடினால் செட்டாகிவிடும் என்றேன். ஓடினால் இன்னும் இறங்குமே தவிர ஏறாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாவியை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு காலையில் கிளம்பினோம். எங்கள் கம்பெனி வெள்ளைத் துணியில் அவளே தைத்த ஆறு சின்னச் சட்டைகள் அவள் மடியில் இருந்தன. பல்லடம் வரைக்குமே வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றிக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லாமல் வந்தாள். குடிமங்கலம் தாண்டி, பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடை. நான் பார்ப்பதற்குள் ஏறி இறங்கிவிட்டேன். இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் கேட்டது. "அம்மா" என்றாள், மெதுவாகத்தான். அப்புறம் இடது கால் மரத்துப்போச்சு என்றாள்.

உடுமலை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். காப்பகம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

"நீங்களாச்சும் போயிப் பாத்துட்டு வாங்க. நடந்ததச் சொல்லுங்க. அந்தச் சட்டையக் குடுத்துட்டு வாங்க" என்றாள் படுக்கையில் இருந்தபடி.

"ரெண்டு பேரும் வரோணும்னு போட்டிருக்குதே அம்மணி. நீ எந்திரிச்சதும் போலாம். டைம் கேட்டாக் குடுப்பாங்க. ஷிப்மென்ட்டு லேட்டானா வெளிநாட்டு பையரே ரெண்டு வாரம் குடுக்கறான்."

சொல்லிவிட்டு வெளியே வந்து என்ன செய்தேன் தெரியுமா? வெயிலில் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்தேன், எது எங்கே மோதியது என்று. இரண்டு தெரு நடந்திருக்கலாம், எவன் தடுத்தான்?

அவளை வீட்டுக்கு ஆம்புலன்ஸில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். ஒரு மாதத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார்கள். மறுநாளே மெட்ராஸுக்குப் போன் போட்டு ஒரிஜினல் செட் ஆர்டர் செய்தேன், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்த்து. முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் அந்த வாரமே கைக்கு வந்திருக்கும். அவள் படுத்தபடியே காப்பகத்துக்குப் பேசினாள். நிலைமையைக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரர் மட்டும் வந்து எழுதிக் கொடுத்தால்கூடப் போதும் என்று இறங்கி வந்தார்களாம். "போயிட்டு வந்துருங்க" என்று தினமும் சொன்னாள். "செட்டு வந்துரட்டும், மாட்டீட்டு அதுலயே போறேன்" என்று நானும் தினமும் சொன்னேன். அவள் இடுப்பை உடைத்த வண்டியைச் சரிசெய்துவிட்டுத்தான் குழந்தையைப் போய்ப் பார்ப்பது என்று எனக்குள் ஒரு வீம்பு. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது செட் வந்தது. ஒரு நாள் வேலை என்று நினைத்தோம். பின் பக்கத்து போல்ட் துருப்பிடித்துக் கழற்ற வராமல் கடைசி நாள் மத்தியானமும் ஆகிவிட்டது. நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். என் செல் அடித்தது. "அண்ணாச்சி, வீட்ல இருந்து" என்றார் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ். "வேலையா இருக்கேன், அப்பறம் பேசறேன்னு சொல்லுங்க" என்றேன்.

சாயங்காலம் வண்டி நிமிர்ந்து நின்றது. ஓட்டிப் பார்த்தேன். தாலாட்டுகிற மாதிரி போனது. வேண்டுமென்றே வேகத்தடைகள் மேல் ஏற்றி இறக்கிக்கொண்டு வீடு வந்தேன். ஒரு நாள் தள்ளிப் போனால் கழுத்தையா சீவிவிடுவார்கள் என்கிற நினைப்பில் நேராகக் கட்டிலுக்குப் போய், "மெத்துன்னு இருக்குது அம்மணி. காத்தால எந்திரிச்சதும் உடுமலைக்குக் கெளம்பிர்றேன்" என்றேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "பட்டியல்ல அடுத்து இருந்தவிய நாலரைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்களாம்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"நாலு மணிக்குள்ள நீங்க வந்தாப் போதும், அது வரைக்கும் நிறுத்தி வெக்கறோம்னு சொன்னாங்க. அதச் சொல்லத்தானுங்க மத்தியானம் போன் பண்ணுனேன்."