முத்துத்தம்பி பனியாற்றைப் பார்க்க மெல்பேர்ன் போனோம்

எழுபதுகளின் நடுவில், ஒரு செப்டெம்பர் மாதம், சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு ரயிலில் போனோம். என் கணவர் குணநாதன் வரைபடக்காரர். அந்தாட்டிக்காவை விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரைவது அவர் வேலை. பக்கத்துப் பனியாற்றின் கிளை என்று எல்லோரும் நினைத்திருந்த ஒன்று, தனியாகக் கடலில் இறங்கும் வேறொரு பனியாறு என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்கு அவர் பெயரையே வைக்கப்போவதாகவும், அச்சுக்குப் போகுமுன் வந்து பார்க்கும்படியும் வரைபடத்தை வெளியிடும் மெல்பேர்ன் அலுவலகம் எழுதியிருந்தது.

காலை எட்டு மணி ரயில். ஏறத்தாழ 960 கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம். பகலில் போகிறவர்கள் ஜன்னலோர இருக்கை கேளுங்கள். ஆனால் நாள் முழுக்க ஆடும் புல்லும்தான்.

மறுநாள் பத்தேகாலுக்கு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி வரைபடத்தை விரித்தார். வெள்ளைக் காகிதத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: முத்துத்தம்பி பனியாறு.

முத்துத்தம்பி என் மாமனார்! யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையில் இருந்தார். தன்னைக் கேட்காமல் நாங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டதால் மூன்று வருடமாக மகனுக்குக் கடிதமே போடாதவர்.

“இது என் அப்பாவின் பெயர்,” என்றார் இவர் ஆங்கிலத்தில்.

“ஆமாம், உங்கள் குடும்பப் பெயர்தானே?” என்றார் அதிகாரி. எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று கால் மணி நேரம் விளக்கினோம். அவர் முகத்தில் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில், மாற்றலாம், ஆனால் பெயர்க் குழு மறுபடி கூட வேண்டும், அப்போது அவர்கள் வேறு யாருடைய பெயரையாவது வைத்துவிடவும் கூடும், நாலு மணிக்குள் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்து தெருவோரம் கிடந்த ஒரு வாங்கில் உட்கார்ந்தோம்.

“கண்டுபிடிச்சது நீங்கள். உங்கட பேரைக் கேளுங்கோ,” என்றேன்.

“ஓம். ஆனா இப்ப போய் அப்பாவை அழிக்கச் சொல்லுறதோ?”

“அவர் ஐஸ்கட்டிகூடக் கண்டிருக்க மாட்டார்!”

“எனக்கும் ஒண்டும் விளங்கேல்லையப்பா,” என்றார். மூன்றரைக்கு எழுந்து போய், அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். ரயில் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

வரைபடப் பிரதி ஒன்றை ஊருக்கு அனுப்பினோம். ஆறு வாரத்தில் மாமாவின் பதில் வந்தது: “படம் கிடைத்தது. சுற்றிவர ஒரு கடை, ஒரு கோயில் இல்லை. இவ்வளவு பனிக்குள் ஏன் குடியிருக்கிறீர்கள்? இருவரும் உடனே திரும்பி வரவும்.”

சிட்னியில் பனி விழாது என்று புரியவைக்க நான்கு கடிதங்கள் தேவைப்பட்டன.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு யோசனை: படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். யாருடைய பெயரைச் சுமக்கப்போகிறீர்கள் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். இவர் செய்தது சரியா என்பதில் எனக்கு இன்றும் குழப்பம்தான். மாமா அதற்குப் பிறகு மாதம் தவறாமல் எழுதினார்.