பிரிக்பீல்ட்ஸில் ‘பாரம்பரிய’ வாடகை வீடு

பிரிக்பீல்ட்ஸில் இரண்டு இரவுக்கு எடுத்திருக்கும் இந்தப் பழைய வரிசை வீட்டை யாரோ ஒரு டிசைனர் ‘பாரம்பரியமாக’ மாற்றியிருக்கிறார். சாமி மாடத்தில் வைஃபை பெட்டி உட்கார்ந்திருக்கிறது. குளியலறையில் அம்மிக்கல் சோப்பைத் தாங்குகிறது. கட்டிலுக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ரயில்வே சீருடையில் ஓர் இளைஞர். படத்துக்குப் பிளாஸ்டிக் மல்லிகை மாலை. செத்தவர் காலடியில் தூங்குவதற்கு வாடகை கொடுத்திருக்கிறேன்.

படுக்கை விரிப்பு மாற்ற வந்த அக்காவிடம், “யாருக்கா இவரு? எப்போ தவறினாரு?” என்று கேட்கிறேன்.

“ஐயோ, தவறல லா! இங்க குடியிருந்த அங்கிள்தான், சின்ன வயசுல எடுத்த படம். டூரிஸ்டுக்கு விடணும்னு காலி பண்ண வெச்சிட்டாங்க. இப்போ பூச்சோங்ல மக வீட்டுல இருக்காரு. படம் அழகா இருக்குன்னு டிசைனர் கேட்டு வாங்குனாங்க. இந்தியன் லுக் வேணும்னு மாலையும் அவங்கதான் போட்டாங்க.”

உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போடும் அழகுணர்ச்சியை எந்தக் கல்லூரியில் கற்றுத்தருகிறார்களோ!

“அவரு இதப் பாத்தாரா?”

“போன வாரம் கோயிலுக்கு வந்தவரு இங்கயும் எட்டிப் பாத்தாரு. மாலையத் தொட்டுப் பாத்தாரு. ‘கொன்னதுதான் கொன்னாங்க, நல்ல பூவாச்சும் போட்டிருக்கலாம் லா’ன்னுட்டுப் போய்ட்டாரு.”