பேத்தி வந்த வண்டி

போன வாரம் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூத்து நடந்தது. சிரிக்கிற கூத்து இல்லை.

பக்கத்து வீட்டு வேலுச்சாமியின் மகள் சுகன்யாவுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. டிஸ்சார்ஜ் ஆகி, தாயும் பிள்ளையும் கேரள எல்லைக்குள் எங்கள் ஊர் வடகரப்பதியில் இருக்கும் வேலுச்சாமி வீட்டுக்கு வர வேண்டும். அவர் டாக்ஸி டிரைவர். சொந்தக் கார். பேத்தி வரப்போகிறாள் என்று விடியும்போதே வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டார். அவர் மனைவி வீட்டில் வெந்நீர், பத்தியச் சமையல் என்று ஓடிக்கொண்டிருந்ததால் என்னைக் கூப்பிட்டார். "நீங்க வந்தா அம்மிணிக்குத் தெம்பா இருக்குமுங்க்கா."

போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் கார் தயாராக நிற்கிறது. மாப்பிள்ளையின் அம்மா, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆப்பில் வண்டி தேடுகிறார்!

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலுச்சாமிக்குப் புரிந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி" என்றார் அந்த அம்மா. "பச்சக் கொழந்தைங்க. உங்க வண்டின்னா... மனசு ஒப்பலீங்க."

ஏன் ஒப்பவில்லை? சொல்கிறேன்.

கொரோனா வந்தபோது டாக்ஸிக்குச் சவாரியே இல்லை என்பார்கள். பாதிதான் உண்மை. ஏர்போர்ட் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர், ஜவுளி எடுக்கப் போகிறவர் — இவர்களெல்லாம் வீட்டில் இருந்துகொண்டார்கள். டயாலிசிஸ்காரர் என்ன செய்வார்? மூச்சு வாங்குகிறவர்? ஆப்பைத் திறந்தால் ஒரு வண்டி கிடையாது. பஞ்சாயத்து மெம்பர் கார் வைத்திருந்தவர்களையெல்லாம் கெஞ்சிப் பார்த்தார். எல்லார் காருக்கும் ஒரே சமயத்தில் கிளட்ச் போய்விட்டது! வேலுச்சாமி மட்டும் சாவியை எடுத்தார். முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிக்கொண்டு ஓட்டினார்.

அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. சம்பந்தியம்மாவின் அண்ணனும் எங்கள் ஊர்தான்; அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே, வழியிலேயே போய்விட்டார். வேலுச்சாமி வண்டியில் ஏறியதுதான் ஊர் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அப்புறம் எல்லாம் திறந்தது. எல்லா வண்டிக்கும் சவாரி திரும்பியது, வேலுச்சாமிக்கு மட்டும் ஊருக்குள் திரும்பவில்லை. பெண் அழைக்க அந்த வண்டி வேண்டாம், காதுகுத்துக்கு வேண்டாம். முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? "மச்சான் கார் கொண்டாறேன்னாருங்க" என்று நழுவிவிடுவார்கள். இப்போது அவர் பாலக்காடு டவுனில் ஆப்புக்கு ஓட்டுகிறார். அங்கே ஏறுகிறவருக்கு, முன்னால் இந்த சீட்டில் யார் உட்கார்ந்தார் என்று தெரியாது. கேட்பதும் இல்லை. ஆப்பில் வண்டிக்கு ஸ்டார் உண்டு, ராசி கிடையாது.

சரி, வாசலுக்கு வருவோம். முதல் டிரைவர் போன் செய்தார். "டிராப் எங்கீங்க?"

"வடகரப்பதிங்க."

"கேரளாவா? திரும்பக் காலியா வரணுமேங்க..." கேன்சல். அடுத்தவர் எதுவும் கேட்காமலே கேன்சல்.

வெயில் ஏறியது. குழந்தை அழ ஆரம்பித்தது. சுகன்யா தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தே... அப்பா வண்டியிலயே போயிரலாங்க" என்றாள். மாமியார் போனில் அடுத்த வண்டியைத் தேடினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். வேலுச்சாமி 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் பார்த்தேன், அந்த அம்மாவின் கண்ணிலும் தண்ணீர். அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

ஒருவழியாக ஒரு வெள்ளை கார் வந்தது. அதன் டிரைவர் வேலுச்சாமியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். வேலுச்சாமியோ சட்டென்று திரும்பி, தன் டிக்கியைத் திறந்து பைகளை அடுக்கத் தொடங்கினார். தாயும் பிள்ளையும் மாமியாரும் அந்த வண்டியில் ஏறினார்கள். துணிப்பை, பிளாஸ்க், நான் — இவர் வண்டியில்.

வெள்ளை கார் முன்னால் போக, நாங்கள் பின்னாலேயே போனோம். எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினோம். நான் கேட்டேன். "அந்த டிரைவரைத் தெரியுமா?"

"தெரியாமங்க்கா? கொரோனாவுல நம்ம கேரளா வண்டி இந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டக் கூடாதுன்னுட்டாங்கள்ல. நான் நம்ம பக்கம் எறக்கி உடுவேன். முடியாதவங்க மெல்ல நடந்துபோய், அந்தப் பக்கம் நிக்கற வண்டியில ஏறுவாங்க. அந்தப் பக்க வண்டி இவனோடதுதானுங்க."

"இதே வண்டியா?"

"இதே வண்டி. என்ர வண்டியில வந்தவங்க எல்லாரும் இதுலதான் போனாங்க. தொணைக்கு ஆள் உடாததால ஊருக்கு இது தெரியாதுங்க. சம்பந்தியம்மா அண்ணனை இங்க வரைக்கும் உசுரோட கொண்டாந்து உட்டேனுங்க்கா. 'நல்லா இரு வேலு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. உசுரு போனது இவன் வண்டியிலதானுங்க."

போனை எடுத்தேன். இப்போதே அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

"வேண்டாமுங்க்கா. சொன்னாக் கொழந்தையோட நடுரோட்டுல எறங்கிருவாங்க."

"அதுக்காக? பழியெல்லாம் உங்களுக்கேவா?"

"அவனும் ரண்டு வருசம் பட்டினி கெடந்து, இப்பத்தான் எந்திரிச்சிருக்கறான். வாய்விட்டுச் சொன்னா அவன் வண்டியையும் வேண்டாம்பாங்க."

முன்னால் வெள்ளை கார் ஒரு பள்ளத்தில் மெல்ல இறங்கி, அலுங்காமல் ஏறியது.

"பாத்தீங்களா, நல்லா ஓட்டுவானுங்க" என்றார். "ஊடு வந்து சேந்தாச் செரிங்க்கா. எந்த வண்டியில வந்தா என்னங்க?" வண்டியை ஓரமாக நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எந்த வண்டியில் வந்தால் என்ன... ஊரில் இதை இவரைத் தவிர வேறு யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?