மாப்பிள்ளை வந்தால் ஏறும் பிரஷர்

மாமியாருக்கு பிரஷர் ஏறுவதும், பழி மருமகன் தலையில் விழுவதும் ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் அந்த மருமகன் நர்சிங் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவராக இருந்துவிட்டால், பழியைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போகமாட்டார், கணக்குப் போடுவார். எதைக் கேட்டாலும் பலகையில் ஒரு கோடு இழுப்பதால் மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் கோடு சார்.

அவருடைய மாமியார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுகிறவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்து மதிலை நோக்கிப் பாய்ந்தாலும், "மெதுவா, மெதுவா" என்பாரே தவிரப் பதறமாட்டார். அப்படிப்பட்டவருக்கு பிரஷர். உப்பைக் குறைக்கச் சொல்லி, தினமும் சாயங்காலம் அளந்து பார்க்கவும் சொல்லியிருந்தார் டாக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தினமும் வந்து பார்த்துக்கொள்ளும் மகள், அதாவது கோடு சாரின் மனைவி, அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தாள். நூற்று ஐம்பது.

"மாப்பிள்ளை வர்ற அன்னைக்குத்தான்டி இப்படி ஏறுது. அவரு தங்கமானவருதான். என் உடம்புக்குத்தான் ஒத்துக்கல," என்றார் மாமியார், ஏதோ மாத்திரையைப் பற்றிச் சொல்வதுபோல.

கோடு சாருக்குச் சுருக்கென்றது. தாயில்லாத அவர், அத்தை என்று அழைக்கும் மாமியாரின் வீட்டுக்கு ஆசையாகப் போகிறவர். அளக்கும் மிஷினில் பழைய அளவுகளெல்லாம் தேதியோடு பதிவாகியிருந்தன. அவற்றோடு, அந்தந்த நாளில் தான் தங்கிய நேரத்தையும் குறித்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போனார்.

"ஒரு பெண்மணி. அவங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வர்றாரு. கீழ்க்கோட்டுல அவர் தங்குற நேரம், நிமிர்ந்த கோட்டுல அவங்க பிரஷர். புள்ளி வைங்க."

புள்ளிகள் சுவரில் சாய்வாக ஏறும் எறும்புகள்போல வரிசைகட்டின. இரண்டும் எவ்வளவு சேர்ந்து நடக்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு, அதன் உச்சமான ஒன்று என்ற எண்ணைத் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது.

கேள்விக்குறி என்று தோழிகள் அழைக்கும் மாணவி எழுந்தாள். "சார், விருந்தாளி தப்பிக்க வழியே இல்ல போல."

அவர் புள்ளிகளுக்கு நடுவே கோட்டை இழுத்தார். விருந்தாளி வராத நாளில் நூற்று இருபத்தெட்டு. அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு ஆறு கூடுகிறது.

"ஒரு வாரம் தங்கினா ஆயிரத்தைத் தாண்டுது சார். உங்க அத்தை… மன்னிச்சுக்கோங்க, அந்தப் பெண்மணி வெடிச்சிருவாங்க!" என்றாள் கேள்விக்குறி.

வகுப்பே குலுங்கியது. சாருக்குக் காது சிவந்தது. "நம்ம கையில இருக்கிறது நாலு மணி நேரம் வரைக்கும்தான். அதுக்கு அந்தப் பக்கம் கோட்டை இழுக்கிறது குருட்டாம்போக்கு. அதோட, ரெண்டு பேர் சேர்ந்து நடந்தா ஒருத்தர் இன்னொருத்தரை இழுத்துட்டுப் போறாருன்னு அர்த்தமா?"

"அப்ப ரெண்டுக்கும் பின்னாடி மூணாவதா ஏதாவது இருக்கணும். விருந்தாளி வந்தா அங்க என்ன சார் நடக்கும்?"

"பேசிட்டிருப்பாங்க."

"வெறும் வாயிலயா?"

கோடு சாரின் கையிலிருந்த சாக்பீஸ் நின்றுவிட்டது. வெறும் வாயில் இல்லை. உப்பு தூக்கலாக வறுத்த வேர்க்கடலை. மாப்பிள்ளைக்குப் பிடிக்குமென்று தட்டு நிறைய வரும். அவர் கொறிப்பது ஒரு பிடி. தட்டு மட்டும் எப்படியோ காலியாகும். நேரமானால் இரண்டாவது தட்டு. "மாப்பிள்ளை தனியா சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்று அத்தையும் கைவைப்பார். மாப்பிள்ளை முன்னால் அம்மாவை அடக்க மகளால் வாய் திறக்க முடியாது.

அடுத்த ஞாயிறு உப்பில்லாத கடலையை அவரே வாங்கிப் போனார். நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். அத்தை ஒன்றை வாயில் போட்டார், முகத்தைச் சுளித்தார், தட்டைத் தள்ளிவைத்தார். சாயங்காலம் நூற்று முப்பது.

"பாத்தியா? நான் நிரபராதி!" என்று துள்ளினார் மனிதர்.

"அப்ப குற்றவாளி யாருங்க?" என்றாள் மனைவி.

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். மதிலை நோக்கிப் பாய்கிறவர்களுக்குக்கூடக் கிடைக்காத பார்வை அது.

"ஒரு தடவை பாத்ததை வச்சு முடிவு சொல்லக் கூடாது," என்று பின்வாங்கினார் சார். ஆனால் அதற்குள் மனைவியின் கண், காலியாகாமல் நிறைந்தே கிடந்த கடலைத் தட்டின்மேல் போய்விட்டது.

"அம்மா!"

"என்னடி? மனுஷிக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? மாப்பிள்ளை பேரைச் சொல்லலைன்னா நீ உப்பு டப்பாவைத் தொட விடுவியா?"

"எம்மேல பழி போட்டீங்களே அத்தை! நான் வர்றதையே குறைச்சுக்கலாம்னு இருந்தேன்."

"ஐயையோ! நீங்க சீக்கிரம் கிளம்பினா எனக்கு ரெண்டாவது தட்டு ஏது?"

அதற்கடுத்த ஞாயிறு மேசையில் நறுக்கிய வெள்ளரிக்காய் மட்டும் இருந்தது. அத்தை எதிரே அமர்ந்து, மாப்பிள்ளையையே முறைத்துக்கொண்டிருந்தார். அளந்தபோது நூற்று ஐம்பத்திரண்டு. மகள் ஓடிப்போய் உப்பு டப்பாவைப் பார்த்தாள். மூடியைச் சுற்றி அவள் கட்டிவைத்த நூல் கட்டியபடி இருந்தது.

"இந்தத் தடவை சத்தியமா மாப்பிள்ளைதான்," என்றார் அத்தை நிம்மதியாக.

அந்த அளவை வகுப்பில் காட்டுவதா, விழுங்குவதா என்று கோடு சார் தடுமாறினார். கடைசியில் புள்ளியை வைத்தார். கேள்விக்குறி ஒன்றுமே கேட்கவில்லை. சிரிப்பு வராமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோபம் சில வாரங்களில் ஆறியது, பிரஷரும் இறங்கியது. இப்போது அத்தை அக்கம்பக்கத்தில் இப்படிச் சொல்லிக்கொள்கிறார்: "எங்க மாப்பிள்ளை கெட்டிக்காரர். எதை எங்க சொல்லணும்னுதான் தெரியாது."