சாவியை விடும்போது இருமிய கார்

செல்வி இறந்த செய்தியைப் பெயிண்ட் பட்டறை காளிமுத்துதான் எனக்குச் சொன்னார். காலையில் மருந்துக்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். “அண்ணே, நம்ம புதுவயல் செல்வி தவறிருச்சாம். மாரடைப்பாம்,” என்றார்.

அரிசி ஆலைகளில் மோட்டார் பழுதுபார்த்த செல்வியை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் காளிமுத்துவும் நானும் இன்று பேசிக்கொள்வது அவரால்தான் என்பது பலருக்குத் தெரியாது.

என்னிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெயிண்ட் அடிப்பதற்காக அதை மானகிரியில் காளிமுத்துவின் பட்டறையில் விட்டிருந்தேன். வேலை முடிந்ததும் புது பேட்டரி வாங்கிப்போய் நானே மாட்டினேன். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை. வீட்டுக்கு இழுத்து வந்து இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். பயனில்லை. காளிமுத்து எதையோ கெடுத்துவிட்டு மறைக்கிறார் என்று டீக்கடையில் பலர் நடுவே அவரைத் திட்டினேன். அவரிடம் வண்டி விடுவதாக இருந்த இருவர் அதைக் கேட்டுப் பின்வாங்கிவிட்டார்கள்.

மாத்திரை வாங்க வந்த செல்வியிடமும் இதையே புலம்பினேன். “சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகலயா? ஏண்ணே?” என்றார்.

“அந்த ஆளு கெடுத்துட்டான்.”

“அது யாருங்கறதுக்குப் பதிலு. நான் ஏன்னுல்ல கேட்டேன்?”

கார் வேலை அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பல்பும் இரண்டு வயரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதையும் உடனே தொடவில்லை. திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

“கேட்டீகளா? சுத்துறப்ப ஒண்ணுமில்ல. சாவிய விடுறப்ப மட்டும் ஒருக்கா இருமுது.”

அத்தனை நாளும் என் காதில் அது விழவேயில்லை.

தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலில் பல்பை இணைத்தார். சாவியை ஆன் செய்தேன், எரிந்தது. ஸ்டார்ட்டுக்குத் திருப்பினேன், அணைந்தது. விட்டதும் மறுபடி எரிந்தது. மெக்கானிக்குகள் ஆன் செய்து மட்டும் பார்த்துவிட்டு, மின்சாரம் வருகிறது என்று போயிருந்தார்கள்.

“பாருங்கண்ணே, வேணுங்கற நேரத்துலதான் கரண்டு ஓடிப்போகுது!” செல்வியின் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

அந்த நேரத்துக்கு மட்டும் வேறொரு வழியாக மின்சாரம் வந்தாக வேண்டும் என்றார். அந்த வழியைத் தேடி விரலால் தடவிக்கொண்டே, இன்ஜினைச் சுற்றவைக்கும் ஸ்டார்ட்டர் வரை போனார். அங்கே மெல்லிய வயர் ஒன்று எதிலும் மாட்டாமல் தொங்கியது.

எனக்குச் சுரீர் என்றது. பேட்டரி மாட்டிய அன்று ஸ்டார்ட்டர் கேபிளைக் கழற்றித் துடைத்து முடுக்கியவன் நான்தான். கூட இருந்த அந்த வயரைத் திரும்ப மாட்ட மறந்திருக்கிறேன்.

செல்வி மாட்டினார். முதல் திருப்பிலேயே கார் உறுமியது. நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

“காளிமுத்துகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லேம்மா.”

“வயரத்தான் நான் மாட்டுவேன். அத நீங்கதாண்ணே போயிச் சொல்லணும்.”

மறுநாள் போனேன். காளிமுத்து முழுவதையும் கேட்டார். “டீக்கடைல வச்சுத்தான சொன்னீக? அங்கயே வந்து சொல்லுங்க,” என்றார். அங்கே போய், எல்லார் முன்னாலும் சொன்னேன். காளிமுத்து இரண்டு டீ சொன்னார்.

பிறகு ஒருமுறை செல்வியும் நானும் அந்தக் காரில் திருப்பத்தூர் போய்த் திரும்புகையில், சூடாக இருந்தால் கார் ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பதை அவர் கவனித்தார். மூன்று காரணம் இருக்கலாம் என்றார். இரண்டைச் சோதித்து, அவையில்லை என்று தள்ளிவிட்டோம். மூன்றாவது, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடுவது. அதைப் பார்க்க ஒருநாள் வருவதாகச் சொல்லியிருந்தார்.

செல்வியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பதில் தெரியாத அந்த மூன்றாவது காரணம். வரும் ஞாயிற்றுக்கிழமை காளிமுத்து வருகிறார். இருவரும் பார்க்கப்போகிறோம்.