கருங்குன்றத்தின் வடவாயில்

கமுந்திங் தொழிற்பேட்டையில் மரப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஐயாவு ஸ்டோர் வேலை பார்த்தான். நாள் முழுக்க ஆணியும் பசையும் அளந்து கொடுப்பான். ஆளாளுக்கு அவனை ஏவுவார்கள், வாயைத் திறக்கமாட்டான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டு மேசை முன்னால் உட்கார்ந்தால்தான் அவன் கருங்குன்றத்து அரசன். நாலாயிரம் காலாள், முந்நூறு யானை, பறக்கும் பாம்பு ஒன்று.

இந்த ராஜாங்கம் அவனுக்குத் தபாலில் வந்தது. ஈப்போவில் துரைசிங்கம் என்று ஓய்வுபெற்ற அரசாங்கக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். வெளிநாட்டுப் பேனா நண்பரிடம் கற்ற ஓர் ஆட்டத்தை 1982இல் அவர் தமிழில் ஆரம்பித்தார். ஏழு பேர், ஏழு நாடு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைக்குள் படை எங்கே போகவேண்டும், எந்த மந்திரத்தை ஏவவேண்டும் என்று ஒவ்வொருவரும் அவருக்கு ரகசியமாக ஆணை அனுப்பவேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்துப் பார்த்து, வென்றது யார், தோற்றது யார் என்று தட்டச்சு செய்து அனுப்புவார். இடைப்பட்ட நாள்களில் அரசர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்ளலாம். உடன்படிக்கை செய்யலாம், பொய் சொல்லலாம், காலை வாரலாம். அதில்தான் ஆட்டத்தின் ருசியே இருந்தது.

முதல் நாள் ஏழு பேரும் துரைசிங்கம் வீட்டில் கூடியபோது ஐயாவு ஒரு நிபந்தனை வைத்தான். அவன் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் கூத்து நடக்கும்போது, முகத்தில் அரிதாரம் ஏறிவிட்டால் பெற்ற தாய்கூட மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். கழுவுகிறவரை அவன் ராஜாதான். அவனிடம் வீட்டு விஷயம் பேசக்கூடாது.

"நம்ம கடிதாசியும் அப்படித்தான் இருக்கணும்லா. சொந்தக் கத உள்ள வரவே கூடாது" என்றான்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் பால்மரம் சீவுகிற பத்துமலைதான் முதல் ஆளாகத் தலையாட்டினான். "எங்க தோட்டத்துலயும் அதே வழக்கந்தாண்ணே" என்றான். அவனுக்குக் கருங்குன்றத்தை ஒட்டிய உப்பங்கழி நாடு வாய்த்தது.

இரண்டு வருஷம் இருவரும் எழுதிக்கொண்டார்கள். அந்த முதல் நாளுக்குப் பின் நேரில் பார்க்கவில்லை. 'தங்கள் பறக்கும் பாம்புக்கு இருமல் கண்டிருப்பதாக ஒற்றர் சொல்கின்றனர், சுக்குக் கஷாயம் அனுப்பட்டுமா?' என்று ஒரு மாதம் எழுதுவான் பத்துமலை. அடுத்த மாதம், 'எம் படையில் கொள்ளைநோய், தங்கள் எல்லைக்கு வரவே முடியாது' என்று அழுது எழுதிவிட்டு, அதே வாரம் இரண்டு கோட்டைகளைப் பிடித்துக்கொள்வான். ஐயாவு பல்லைக் கடிப்பான். அப்புறம் அந்தக் கடிதத்தையே எடுத்து மனைவி வீரம்மாவிடம் படித்துக் காட்டுவான். அவள் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். தொழிற்சாலையில் ஐம்பது பேரோடு வேலை பார்த்தாலும் ஐயாவுக்கு இப்படி ஒரு சிநேகிதன் வாய்த்ததில்லை. அந்த மனிதனை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

1984 அக்டோபரில் உப்பங்கழியிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

'கருங்குன்றத்துக் கோமகனுக்கு. எம் நாடு வேற்றவர் கைக்குப் போய்விட்டது. இம்மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் அரண்மனையை ஒழித்துத் தரவேண்டுமாம். என்னோடு எஞ்சியவர் மூவர். தங்கள் நாட்டில் சில திங்கள் ஒதுங்க இடம் உண்டா? இல்லையென்றாலும் நம் நட்புக்குக் குறைவில்லை.'

ஐயாவு தொடையில் தட்டிச் சிரித்தான். போன மாதத் தாளில் உப்பங்கழிக்கு இரண்டாயிரம் காலாள் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மூவராம்! கொள்ளைநோய்க்கு அப்புறம் இது புதுச் சரக்கு. கடைசிச் சனிக்கிழமை ஆணை கொடுக்கும் நாள் என்பதால் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை.

'தயங்காமல் வாரும்' என்று பதில் எழுதினான். 'அந்தச் சனிக்கிழமை எம் வடவாயில் உமக்காகத் திறந்தே இருக்கும். எம் சோறு உம் சோறு.'

பிறகு இன்னொரு தாளில் ஆணை எழுதினான்: உப்பங்கழிப் படை உள்ளே வந்ததும் வடவாயிலை அடைத்து, ஒருவர் மிச்சமில்லாமல் வெட்டுக.

அதைத் தபாலில் போட மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை பஸ் ஏறி ஈப்போவுக்கே போய்க் கையில் கொடுத்தான். துரைசிங்கம் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படித்தார்.

"வலையை நல்லாத்தான் விரிச்சிருக்கிறீர். ஆனா உப்பங்கழியின்ர ஆணை இன்னும் வரேல்லையே, தம்பி."

"வரும் சார். வராம எங்க போவாரு?"

தேத்தண்ணி குடித்துவிட்டு, பஸ்ஸில் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு நாலு மணிக்கு வீடு வந்தான்.

வீரம்மா வாசலிலேயே நின்றாள். "காலையில ஒரு லோரி வந்துச்சு. பொண்டாட்டி, ரெண்டு பிள்ள, அலமாரி, பாய் எல்லாம் ஏத்திக்கிட்டு ஒரு ஆளு. பத்துமலையாம். நீங்க வரச் சொன்னீங்கன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலன்னேன். ஒரு கடிதாசியக் காட்டுனாரு. படிச்சா, கோமகன், வடவாயில்னு இருக்கு. நான் எப்பவும் போல சிரிச்சுட்டேங்க."

"அப்புறம்?"

"கடிதாசிய மடிச்சு வச்சுக்கிட்டாரு. அந்தம்மா தல நிமிரவே இல்ல. உக்காருங்க, வந்துருவாருன்னு சொன்னேன். வெயில்லயே நின்னாங்க. லோரிக்காரன் கத்துனான். பன்னெண்டு மணிக்குப் போயிட்டாங்க."

ஐயாவு செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் சுங்கை சிப்புட்டுக்கு ஓடினான். தோட்டம் கைமாறி இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கதவுகளில் பலகை அடித்திருந்தார்கள். எங்கே போனார்கள் என்று கேட்டால் ஒருவர் கிள்ளான் என்றார், இன்னொருவர் கேமரன் மலை என்றார். திரும்பிவந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, 'பத்துமலைக்கு ஐயாவு எழுதுவது' என்று ஆரம்பித்து ஒரு கடிதம் எழுதினான். உறைமேல் 'பிண்டா', அதாவது குடிமாறிவிட்டார், என்று கிறுக்கி அதைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மாதத்து ஆட்டத் தாளும் வந்தது: உப்பங்கழி ஆணை அனுப்பவில்லை. அதோடு ஐயாவு ஆட்டத்தை விட்டுவிட்டான். கருங்குன்றத்தை யார் பிடித்தார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சிம்பாங் பூலாய் போயிருந்தான். மலையிலிருந்து கோஸ் இறக்கிவந்த லோரி ஒன்று சாலையோரம் நின்றது. பின்பலகையைப் பூட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தலை நரைத்திருந்தது. ஆனாலும் ஐயாவு அடையாளம் கண்டு கூப்பிட்டான். பத்துமலை திரும்பி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான்.

"கருங்குன்றத்து ராஜால்லா!" என்று சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை.

ஐயாவு கிட்டப் போனான். பிள்ளைகள் எப்படி என்று கேட்டான். அன்றைக்கு லோரிக்காரன் கொட்டகையில்தான் படுத்தார்களாம். அப்புறம் மலையில் காய்கறித் தோட்டம். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் பெரியவள் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது.

"ஆட்டம்னு நெனச்சுட்டேன், பத்துமலை. நேரா கேட்டிருந்தா நடுவீட்டையே கொடுத்திருப்பேன்."

"நேரா கேட்டு, நீங்க இல்லன்னுட்டா? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதுறது?" பத்துமலை துண்டால் கையைத் துடைத்தான். "வேஷத்துல கேட்டா வேஷத்துலயே இல்லன்னுடலாம். ரெண்டு பேருக்கும் கூச்சமில்ல. அதுக்குத்தான் அப்படி எழுதுனேன். நீங்க வான்னு எழுதிட்டீங்களே."

அவன் குரலில் கோபம் இல்லை. ஐயாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த ஆணைத் தாளைப் பற்றிச் சொல்லிவிட வாயெடுத்தான், முடியவில்லை.

லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். பத்துமலை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

"வாரேன், ஐயாவு அண்ணே."

அவன் ஐயாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.